கிபேராவுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டும் முன்

நெல்லைப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து கென்யாவின் தலைநகர் நைரோபிக்கு, அங்குள்ள கிபேரா குடிசைப் பகுதியில் இரண்டு மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஊழியம் செய்யப் போய்வந்தேன். அதில் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் ரூபாயும் மூன்று வாரமும் வீணாகப் போயின. கூடுதல் சுமைக்கு விமானத்தில் கட்டியது 24,000. சுங்கத்தில் கட்டியது 31,000. பள்ளி பூட்டிக் கிடந்த நாட்களுக்குக் கொடுத்த அறை வாடகை 36,000. ஆளை விசாரிக்காமல் கொடுத்து ஏமாந்தது 65,000. இதில் பாதிக்கு மேல் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார் பிடி அரிசி சேர்த்து விற்ற பணம். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. கிளம்பும் முன் விவரம் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். அடுத்து போகிறவர்களுக்காக நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் தவறு அனுமதியில். 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்குப் பழைய விசா கிடையாது. கிளம்பும் முன்பே அரசின் இணையதளத்தில் மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். அதே போன்ற தோற்றத்தில் தனியார் தளங்கள் பல உண்டு, கூடுதலாகப் பணம் பிடுங்கும், முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விஷயம் அதோடு முடியாது. சுற்றுலா என்று எழுதி வாங்கிய அனுமதியில் போய்ப் பள்ளியில் பாடம் எடுப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். சம்பளம் வாங்கவில்லை என்பது பதிலாகாது. நீண்ட காலத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மத, அறப்பணிகளுக்கான 'ஐ' வகுப்பு பெர்மிட், குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ் என்று தனித்தனியாக இருக்கின்றன. இவற்றுக்கு அங்கே பதிவு பெற்ற சபையோ அமைப்போ அழைப்புக் கடிதம் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். 'எல்லாரும் டூரிஸ்டாகத்தான் போகிறார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். யாரும் கேட்காவிட்டாலும் ஊழியத்தைப் பொய் சொல்லித் தொடங்குவது சரியில்லை. அதோடு, பிடிபட்டால் உங்களோடு உங்களை அழைத்த சபைக்கும் சேர்த்துத்தான் தலைவலி. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலரும் போகும்போதுதான் கேட்பார்கள் என்று நினைக்கிறார்கள். திரும்பி வரும்போதுதான் நம் நாட்டில் கண்டிப்பு அதிகம். கென்யா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்திறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள், கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் கிடைக்கும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ ஊசிகளும் அவசியம். மலேரியாவைப் பற்றி நைரோபியில் அதிகம் பயப்பட வேண்டாம், ஊர் ஏற்காட்டைவிட உயரத்தில் இருக்கிறது. மேற்கே விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு பக்கமோ கடற்கரைப் பக்கமோ போனால் மாத்திரை தேவை. மாறாக, ஜூலை, ஆகஸ்டில் இரவுக் குளிர் 10, 12 டிகிரிக்கு இறங்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று பருத்திச் சட்டைகளோடு போய் முதல் வாரமே காய்ச்சலில் படுக்கிறவர்கள் உண்டு.

மூன்று வாரம் போனது காலண்டர் பார்க்காததால். அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும், மூன்று பருவம். ஏப்ரலில் ஒரு விடுமுறை, ஆகஸ்டில் ஒரு விடுமுறை, நவம்பர், டிசம்பரில் நீண்ட விடுமுறை. ஆகஸ்ட் முதல் வாரம் போய் இறங்கினால் எல்லாப் பள்ளியும் பூட்டு. பாதிப் பிள்ளைகளைத் தாய்மார் தாத்தா பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பருவத்தின் கடைசி வாரமும் பயன்படாது, தேர்வு நடக்கும். மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை, அதாவது இரண்டாம் பருவத்தின் நடுப்பகுதிதான் நல்ல காலம். மே மாதம் பெருமழை முடியும் தறுவாய், கிபேராவின் சந்துகளில் சாக்கடையும் சேறும் ஒன்றாக ஓடும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் நடக்க முடியாது, அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

சுமைக்கு வருகிறேன். நான்கு பெட்டி நிறையப் பழைய துணி, ஸ்கூல் பேக், பென்சில், மாத்திரை. ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. நைரோபியின் கிகோம்பா சந்தையில் மிதும்பா என்கிற பழைய துணி மலைபோலக் குவிந்து கிடக்கிறது. உலகத்தின் பழைய துணியெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நாடு அது. அங்கே நாம் துணி சுமந்துகொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஒரே மாதிரிப் பொருள் முப்பது, நாற்பது இருந்தால் சுங்கத்தில் அதைச் சொந்த உபயோகம் என்று ஏற்க மாட்டார்கள். தானம் என்று சொன்னாலும் முன்கூட்டியே விலக்கு வாங்கிய காகிதம் இல்லாவிட்டால் வரி கட்டித்தான் ஆக வேண்டும். அவர்கள் கேட்டது நியாயம். மாத்திரைகளை எடுத்துப் போகவே போகாதீர்கள், நீங்கள் சாப்பிடும் மருந்து மட்டும், சீட்டோடு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக் தடை. 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. நாம் செருப்பையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தானே பெட்டியில் வைப்போம்? துணிப்பைக்கு மாற்றிவிடுங்கள். பணத்தை டாலராக எடுத்துப் போங்கள். கசங்கிய, கோடு கிழித்த, மிகப் பழைய ஆண்டு அச்சிட்ட நோட்டுகளை மாற்றமாட்டார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள்.

கிபேராவில் கால் வைத்ததும் சின்னப் பிள்ளைகள் 'ஹவ் ஆர் யூ, ஹவ் ஆர் யூ' என்று பாட்டுப்போலக் கத்திக்கொண்டு பின்னால் வருவார்கள். அது வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பழகிய பழக்கம். பெரியவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வை வேறு. நாம் அவர்களுக்கு முஹிண்டி, அதாவது இந்தியர். 1896இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை வேலைக்கு ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். பிறகு கடை, ஆலை, மொத்த வியாபாரம் என்று இந்தியர்கள் வேரூன்றிவிட்டார்கள். கிபேராவில் பலருக்கு இந்தியர் என்றால் முதலாளி, அல்லது வேலை கொடுத்துக் கூலி பிடிக்கிறவர். அந்த நினைப்பு ஒரு நாளில் மாறாது, கோபப்பட்டுப் பயனில்லை. வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுங்கள். உள்ளிருந்து 'கரிபு' என்று வந்தால்தான் நுழைய வேண்டும். வந்த விஷயத்தை உடனே தொடங்காமல் நலம் விசாரித்து, கொடுக்கிற சாயாவைக் குடியுங்கள், பால் சேர்த்துக் காய்ச்சியது, நம்மூர் டீ போலவே இருக்கும். ஆசிரியரை முவலிமு என்று கூப்பிடுங்கள். போகும் முன் இரண்டு மாதம் கிஸ்வாஹிலி படித்துவிட்டுப் போனால் அது பத்துப் பெட்டிக்குச் சமம். டோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேல் ஊழியத்துக்காக நம்மூருக்கு வந்தபோது முதலில் உட்கார்ந்து தமிழ்தான் படித்தார்கள். அவர்கள் ஐம்பத்தைந்து ஆண்டு இருந்தார்கள், நாம் இருப்பது ஐம்பத்தைந்து நாள். அப்படியானால் மொழியை இங்கேயே தொடங்கிவிட வேண்டும்.

தனியே நடக்காதீர்கள், உள்ளூர்ச் சபையாள் ஒருவர் கூடவே இருக்கட்டும். மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். மடாட்டு என்கிற மினிபஸ்ஸில் ஜன்னலோரம் போனை எடுக்காதீர்கள்.

இனி அந்த 65,000 ரூபாய். அன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஷில்லிங், இருபத்தைந்து டெஸ்க் செய்ய. பள்ளி நடத்துகிறவர் என்று ஒருவரைச் சபையில் அறிமுகப்படுத்தினார்கள். அறையில் எண்பது பிள்ளைகள் நின்று பாட்டுப் பாடினார்கள், கண் கலங்கிப்போயிற்று. பணம் அவருடைய சொந்த எம்-பெசா எண்ணுக்குப் போனது; எம்-பெசா என்பது அங்கே செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் முறை. இரண்டு வாரம் கழித்துப் போனால் அந்தத் தகர அறை வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஒரு மணிநேரத்துக்கு அழைத்துவரப்பட்டவர்கள். பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், சீருடை மூன்று நிறத்தில் இருந்தது. குடிசைப் பகுதியில் அரசுப் பள்ளிகள் குறைவு, பெரும்பாலும் சபைகளும் தனியாட்களும் நடத்தும் சிறு பள்ளிகள்தான். அவற்றில் உண்மையான ஆசிரியர்கள் அரை வயிற்றோடு பாடம் சொல்லிக்கொடுக்கிற நல்ல பள்ளிகள் நிறைய இருக்கின்றன. ஒருவர் செய்ததை வைத்து எல்லாரையும் சந்தேகிப்பது பாவம். ஆனால் சோதிக்காமல் கொடுப்பதும் அந்த நல்ல பள்ளிகளுக்குச் செய்கிற அநியாயம்தான்.

சோதிப்பது சுலபம். சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ காலை பத்து மணிக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டைக் கேட்டு, தலைகளை எண்ணுங்கள். பிறகு ஏதாவது ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அங்கே இருபது ஆண்டாகப் பாடம் எடுக்கிற ஒரு அம்மா. நல்ல பள்ளியின் நோட்டில் அட்டை கிழிந்திருக்கும், பென்சில் அழித்து அழித்துத் தாள் மெலிந்திருக்கும், ஆனால் திங்கள், செவ்வாய், புதன் என்று தேதி தொடர்ந்து வரும், சிவப்பு மையில் திருத்தம் இருக்கும். பொய்ப் பள்ளியில் நோட்டு புதிதாக இருக்கும், அல்லது தேதி இரண்டு மாதத்துக்கு முன்பே நின்றிருக்கும். அதன் பிறகு பதிவுச் சான்று, பள்ளிப் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, பெற்றோர் இருவர் இருக்கும் நிர்வாகக் குழு. இவை இல்லாவிட்டால் பணம் வேண்டாம், வேலையை மட்டும் செய்யுங்கள். டெஸ்க் வேண்டுமென்றால் ஃபுண்டி என்கிற தச்சரிடம் நேரே பேசி, பாதி முன்பணம், மீதி டெஸ்க் வகுப்பறைக்குள் வந்த பிறகு. எம்-பெசாவில் அனுப்பும்போது பெறுகிறவரின் பெயர் வரும், அதைப் படித்த பிறகே உறுதி செய்யுங்கள். தவறிப்போனால் வந்த செய்தியை அப்படியே 456க்கு உடனே அனுப்ப வேண்டும். 'தவறுதலாக உங்களுக்குப் பணம் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால், உங்கள் இருப்பைப் பார்க்காமல் ஒரு ஷில்லிங்கூட அனுப்பாதீர்கள்.

கட்டடத்துக்கும் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் படையில் இருந்த நூபிய வீரர்கள் குடியேறிய இடம் கிபேரா, நிலம் பெரும்பாலும் அரசுடையது. வீட்டுக்காரர் என்று வாடகை வாங்குகிறவருக்குத் தகரமும் சுவரும் சொந்தம், மண் சொந்தமில்லை. 2018 ஜூலையில் சாலை போடுவதற்காக இடித்தபோது ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள், பள்ளிகளும் போயின. தூக்கிக்கொண்டு போகக்கூடிய டெஸ்க், பலகை, புத்தக அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் போட்ட பணம்தான் தங்கும்.

ஷூ கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நூற்றுநாற்பது பிள்ளைகள் உள்ள இடத்துக்கு அறுபது ஜோடியோடு போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அழுகை, தள்ளுமுள்ளு, கிடைத்தவனுக்கு அளவு சேராது. ஒரு வாரம் முன்பே வகுப்பு வகுப்பாக, பிள்ளையைச் சுவரோடு குதிகால் படும்படி செய்தித்தாள் மேல் நிற்கவைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து, பெயரும் வகுப்பும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கால்களையும் வரையுங்கள், பெரியதை அளவாக எடுங்கள். நுனியில் ஒரு சென்டிமீட்டர் கூட்டுங்கள், அதற்கு மேல் கூட்டினால் குதிகால் கழன்று புண்ணாகும். நைரோபியிலேயே பாட்டா டஃபீஸ் என்கிற கறுப்புத் தோல் ஷூ கிடைக்கும். அக்கா தங்கை மூன்று பேர் போட்டாலும் தாங்கும் என்று தாய்மாரே அதைத்தான் கேட்பார்கள். அளவு மாற்றிக்கொள்ள முன்பே கடையில் பேசிவிடுங்கள். எல்லாருக்கும் வாங்கப் பணமில்லையென்றால் ஒரு வகுப்புக்கு மட்டும் முழுமையாக வாங்குங்கள், வகுப்பாசிரியர் கையால், பெற்றோர் வந்திருக்கும்போது கொடுங்கள். நீங்கள் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் உண்மையில் வேலை செய்த இடம் சாப்பாடுதான். நைரோபி அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 முதல் 5 ஷில்லிங்குக்கு மதிய உணவு தருகிறார்கள், ஆனால் குடிசைப் பகுதியின் சிறு பள்ளிகள் அதில் வராது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பத்து மணிக்கு ஒரு கோப்பை உஜி கிடைத்தால் வருகைப் பதிவேடே மாறிவிடும். உஜி என்றால் நம்ம கூழ்தான். சோளம், கேழ்வரகு, சோயா கலந்த மாவு. நூறு பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கால் லிட்டர் என்றால் மாவு 2.5 முதல் 3 கிலோ, தண்ணீர் 25 லிட்டர், சர்க்கரை ஒன்றரைக் கிலோ. மாவைப் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்த பிறகே கொதிக்கும் தண்ணீரில் ஊற்ற வேண்டும், நேரே கொட்டினால் கட்டி தட்டி உள்ளே வேகாமல் வயிற்றைப் பிடிக்கும். கொதி வந்த பிறகும் இருபது நிமிடம் கிண்டவேண்டும். மதியத்துக்குக் கிதேரி, மக்காச்சோளமும் சிவப்பு ராஜ்மாவும் சேர்த்தது. நூறு பேருக்குச் சோளம் 7 கிலோ, ராஜ்மா 3.5 கிலோ. முந்தின இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். அடுப்புக்கரியை மிச்சப்படுத்த லேசான சூட்டிலேயே வைத்தால் ராஜ்மாவில் உள்ள நஞ்சு போகாது, பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள்.

அசனம் என்கிற சபை விருந்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைத்த நம் ஆட்கள்கூட அங்கே தவறுவது சோளம் வாங்குவதில். மலிவாக வருகிற ஈரச் சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கும், வேகவைத்தாலும் போகாது. 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் அந்த நஞ்சால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். கையில் அள்ளினால் சலசலவென்று விழ வேண்டும், கடித்தால் நொறுங்க வேண்டும், பச்சையோ கறுப்போ பூத்த மணி இருந்தால் மூட்டையையே விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கணக்கு பலர் போடுவதில்லை. சமைக்க, கைகழுவ, பாத்திரம் தேய்க்க நூறு பேருக்குக் குறைந்தது 20 லிட்டர் கேன் ஆறு வேண்டும். சாதாரண நாளில் ஒரு கேன் சில ஷில்லிங்தான், குழாய் நின்றுவிட்டால் நாலு மடங்கு. அதை மாதச் செலவில் தனியாக எழுதுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைத்தது மட்டும்.

குடும்பங்களுக்கு உதவும்போது ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கையில் பணம் கொடுத்தால் பக்கத்துப் பத்து வீட்டோடும் அவர்களுக்குப் பகை மூளும். பத்துக்குப் பத்து அடி அறை, இடையில் மண்சுவர், இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும், ரகசியம் என்று ஒன்று கிடையாது. பெண்கள் சாமா என்று குழுச்சீட்டு நடத்துகிறார்கள், நம் மகளிர் குழு போலத்தான். காய்கறி வியாபாரத்துக்கோ தையலுக்கோ முதல் வேண்டுமென்றால் சபை வழியாக அந்தச் சாமாவுக்கே கொடுங்கள். யாருக்கு முதலில் போக வேண்டும் என்று அவர்களே உட்கார்ந்து பேசி முடிப்பார்கள்.

பிள்ளைகளோடு தனி அறையில் இருக்காதீர்கள், வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். முகம் தெரியும் படத்தைப் பெயரோடும் பள்ளியோடும் போடாதீர்கள். காவல்துறை நற்சான்றிதழைக் கேட்காத அமைப்பை நம்பாதீர்கள், கேட்கிறவர்கள்தான் பிள்ளைகளை மதிக்கிறவர்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைத்துப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 116. அநாதை விடுதி கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2017இலேயே புதிய விடுதிகளைப் பதிவுசெய்வதை அரசு நிறுத்திவிட்டது, உறவினர் வீட்டில் வளர்ப்பதைத்தான் ஊக்குவிக்கிறார்கள்.

பணம் அனுப்பும் சபைப் பொருளாளருக்கு ஒன்று. நம் நாட்டில் பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழிக்கும் தொகை வருமான வரியில் அறச்செலவாகக் கணக்கில் வராது, அதற்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து அனுப்பிவிடாதீர்கள்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்தக் கணக்கு முழுவதையும் வாசித்தேன், வீணானது உட்பட. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டி கேட்டார்கள், "அந்தக் கூழுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு தம்பி?" மூன்று கிலோ என்றேன். அடுத்த மே மாதம் எங்கள் சபையிலிருந்து இரண்டு பேர் போகிறார்கள். ஸ்பெஷல் பாஸுக்கு அங்குள்ள சபை விண்ணப்பித்துவிட்டது. ஆளுக்கு ஒரு பெட்டிதான்.